நாப்பது ரூபா மாலை

போன வாரம் எங்க வீட்டுல ரசத்துக்குத் தாளிச்சது கண்ணாடி மணி.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான். பழைய அஞ்சறைப்பெட்டி ஒண்ணு இருந்தது. பேருதான் அஞ்சறை, உள்ள ஏழு கிண்ணம். புதுசு வாங்கினதும் பழசை நான் மணி போட்டு வைக்க எடுத்துக்கிட்டேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், பவழக் கலர், நடுக்கிண்ணத்துல கறுப்பு. ஊர்லேர்ந்து வந்த மாமியார் அலமாரியில முதல்ல கைக்குப் பட்டதை எடுத்துட்டாங்க. கண்ணாடி போடலை. பின்கட்டுல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த எனக்கு உள்ளேர்ந்து குரல் வருது: "ஏம்மா, இந்தக் கடுகு வெடிக்கவே மாட்டேங்குதே, எந்தக் கடையில வாங்கினே?"

ஓடிப்போய்ப் பாத்தா, எண்ணெய்க்குள்ள என் பதினொண்ணாம் நம்பர் கறுப்பு மணி ஒரு ஸ்பூன், ஜம்முனு நீந்திக்கிட்டு இருக்கு. (இந்த மணியில நம்பர் ஏற ஏற சைஸ் குறையும். பதினொண்ணுன்னா சுமாரா ரெண்டு மில்லிமீட்டர். கடுகுதான்.) வடிகட்டி, சீயக்காய் போட்டுக் கழுவி, வெயில்ல காயவெச்சேன். ஒண்ணும் ஆகலை. கண்ணாடியாச்சே! பிளாஸ்டிக்கா இருந்தா அன்னிக்கு ரசமும் போயிருக்கும், வாணலியும் போயிருக்கும். நம்ம ரங்கமணி மட்டும் ஒரு வாரமா ஒவ்வொரு வாய்க்கும் "மணியா, கடுகா?"ன்னு கேட்டுட்டுத்தான் முழுங்கறார். கர்ர்ர்ர்.

அந்தக் கறுப்பு மணியைக் காயவைக்கும்போதுதான் பஸ் ஸ்டாண்டு அக்கா ஞாபகம் வந்தது. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிக்கிட்டே வந்த விஷயம். கொஞ்சம் வெக்கமான விஷயம்கிறதால தள்ளிப்போட்டேன்னு வெச்சுக்குங்களேன். கொசுவத்தி சுத்தறேன், கூடவே வாங்க.

எங்க உத்திரமேரூரை எல்லாருக்கும் கல்வெட்டாலதான் தெரியும். குடவோலைக் கல்வெட்டு. பஸ் ஸ்டாண்டுல இறங்கினா பக்கத்துலேயே வைகுண்டப்பெருமாள் கோயில், அது சுவர் முழுக்க எழுத்து. பராந்தகசோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. ஊர் சபைக்கு யாரு நிக்கலாம், யாரு நிக்கக் கூடாதுன்னு வரிசையா இருக்கும். வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும், முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எழுபதுக்குள்ள இருக்கணும்... இப்படிப் போகும். ஸ்கூல் பசங்களை வேன் வேனாக் கூட்டிட்டு வந்து காட்டுவாங்க.

அந்தப் பக்கத்துலதான் ஒரு அம்மா தட்டு வெச்சு உக்காந்திருப்பாங்க. பாசிமணி, ஊசி, ஹேர்பின், பிள்ளைங்களுக்கு இடுப்புக் கயிறு, திருஷ்டிக்குக் கறுப்பு மணி. நரிக்குறவர்னு நாம சொல்ற ஜனம். நிலமும் கிடையாது, மனையும் கிடையாது. பதினோரு நூறு வருஷத்துக்கு முன்னாடி வெட்டின கல்வெட்டுல மட்டும் இல்லை, நேத்து வரைக்கும் நாம எழுதின எந்தப் பட்டியல்லயும் அவங்க சரியா உக்காரலை. அதைப் பின்னாடி சொல்றேன்.

எனக்கு மணி கோர்க்கற கிறுக்கு சின்னவன் ஸ்கூல் போக ஆரம்பிச்சப்போ பிடிச்சது. காஞ்சிபுரத்துல ஆறு நாள் இலவச வகுப்பு. கம்பியை வளைக்கக் குறடு எப்படிப் பிடிக்கறது, தங்கூசி நரம்புல எப்படி முடிச்சுப் போடறதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. முதல்ல எனக்கு, அப்புறம் நாத்தனாருக்கு, அப்புறம் தெருவுல கல்யாணம் காதுகுத்துன்னா நம்ம மாலைதான் பரிசு. வாங்கிக்கிட்டவங்க போட்டுக்கிட்டாங்களான்னு நான் கேட்டதில்லை :-)

2019ல ஒரு ஆடி மாசம். காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நிக்கறேன். அந்த அம்மா தட்டுல ஒரு மாலை. அஞ்சு சரம். ரெண்டு விரல்கடை தூரத்துக்கு ஒரு தடவை அஞ்சு சரமும் ஒரே பெரிய மணிக்குள்ள நுழையுது. வெளிய வரும்போது இடம் மாறியிருக்கு. அதாவது இந்த ஓரத்துல இருந்த சிவப்பு அடுத்த கட்டுல ரெண்டாவதா நிக்குது, அதுக்கடுத்ததுல நடுவுல, அப்படியே நகர்ந்து அந்த ஓரத்துக்குப் போயிடுது. கறுப்பு எதிர்த்திசையில வருது. மாலை முழுக்க ரெண்டு கலரும் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு. நான் பாத்த எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத வேலை.

"எவ்ளோம்மா இது?"

"அறுவது சாமி."

"நாப்பதுக்குக் குடு."

"நூலு விலையே கட்டாது தாயி..."

"சரி வெச்சுக்கோ, பஸ் வந்துடுச்சு."

குடுத்துட்டாங்க. பஸ் ஏறி உக்காந்தப்புறம் எனக்கு ஒரே பெருமை. இருபது ரூபா குறைச்சுட்டோம்ல! என் அம்மா வயசு இருக்கும் அவங்களுக்கு. "குடு", "வெச்சுக்கோ"ன்னு பேசினது அப்ப எனக்கு உறைக்கவே இல்லை. காய்கறிக்காரம்மாவை "வாங்க"ன்னுதான் கூப்பிடறேன். பாசிமணி விக்கறவங்ககிட்ட மட்டும் நாக்கு எப்படித் தானா "நீ"ன்னு புரளுதுன்னு தெரியலை. ஊரே அப்படித்தான் பேசுது, நானும் பேசினேன்.

வீட்டுக்கு வந்து மாலையைப் பிரிச்சேன். ஒவ்வொரு கட்டா நூலை இழுத்து, எது எதுக்குள்ள போகுதுன்னு படம் போட்டு வெச்சேன். ரெண்டு ராத்திரி ஆச்சு. மூணாம் நாள் எனக்குக் கைவந்துடுச்சு. ஊர் மணி ஒண்ணு தடிச்சு ஒண்ணு மெலிஞ்சு இருக்கும்னு, சென்னை பாரிமுனைப் பக்கம் போய் ஒரே சீரான மணியா வாங்கிட்டு வந்து பன்னெண்டு மாலை கட்டினேன்.

அந்த டிசம்பர்ல சென்னையில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல கைவேலை விற்பனை. தோழி ஒருத்தி மேசையில பாதி எனக்குக் குடுத்தா. அவளே அழகா அட்டை எழுதினா: "ட்ரைபல் நெக்லஸ், கையால் செய்தது, ரூ. 450". எனக்கும் அந்த வார்த்தை புடிச்சிருந்தது. சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டும் காலி. 5400 ரூபா. வாழ்க்கையில நான் கைவேலையில பாத்த முதல் பெரிய காசு.

கடைசி மாலையை வாங்கின பொண்ணு, காலேஜ் படிக்கும்போல, பணத்தை எண்ணிக்கிட்டே கேட்டா: "ஆன்ட்டி, எந்த ட்ரைப்?"

எனக்கு வாயே வரலை. "அது... எங்க ஊருப் பக்கம்தாம்மா."

அவ சாதாரணமாக் கேட்டா. கழுத்துல போட்டுப் பாத்துட்டுப் போயிட்டா. எனக்குத்தான் திரும்பி வர்ற பஸ்ல செங்கல்பட்டு தாண்டியும் அந்தக் கேள்வி போகலை.

அப்புறம் உக்காந்து படிச்சேன். முன்னாடியே படிச்சிருக்கணும். அவங்க தங்களை வாக்ரின்னு சொல்லிக்கறாங்க. நரி பிடிக்கறவங்கன்னு நாம வெச்ச பேருதான் நரிக்குறவர். குருவிக்காரர்னும் சொல்லுவோம். மலைக்குறவர், குறவஞ்சிக் குறத்தி எல்லாம் வேற ஜனம். பேருல மட்டும்தான் ஒட்டு. வீட்டுக்குள்ள பேசறது வாக்ரிபோலி. அது தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. குஜராத்தி, மராத்தி இருக்கற வடக்கத்திக் குடும்பத்து மொழி. எழுத்து கிடையாது. 1970லயே ஜி. சீனிவாச வர்மா அதுக்கு இலக்கணம் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புஸ்தகமாப் போட்டிருக்கு. நமக்கோ ஒளிவிளக்கு படத்துல எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் வேஷம் கட்டி ஆடினது மட்டும்தான் தெரியும்.

வேட்டைதான் ஆதித் தொழில். 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அது போச்சு. கையில மிச்சம் நின்னது மணிதான். அதாவது நாம பஸ் ஸ்டாண்டுல நாப்பதா அறுபதான்னு பேரம் பேசறது, ஒரு ஜனத்தோட கடைசிப் பிழைப்புகிட்ட.

இனிமேதான் எனக்கு நிஜமா உறைச்ச இடம். இவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேக்கணும்னு 1965லயே லோகூர் கமிட்டி சொல்லியாச்சு. சேக்கலை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வெச்சிருந்தாங்க. நான் அட்டையில "ட்ரைபல்"னு எழுதி வித்த 2019 டிசம்பர்ல, சர்க்கார் காகிதப்படி அந்த அம்மா ட்ரைபல் இல்லை! அந்த ஒரு வார்த்தைக்காக அவங்க ஜனம் அம்பத்தி நாலு வருஷமா மனு குடுத்துக்கிட்டு நின்னிருக்கு. நான் ஒரு அட்டையில ஸ்கெட்ச் பேனாவால எழுதி 450 ரூபாய்க்கு வித்துட்டு வந்துட்டேன்.

அமெரிக்காவுல இதுக்குத் தனிச் சட்டமே இருக்கு. பூர்வகுடி மக்கள் செஞ்சதுன்னு பொய் சொல்லி எதையும் விக்கக் கூடாதுன்னு 1990ல போட்டது. முதல் தடவை மாட்டினாலே ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் அபராதம், இல்லேன்னா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டும். பன்னெண்டு மாலைக்கு எனக்கு எவ்வளவு போட்டிருப்பாங்கன்னு ரங்கமணி கால்குலேட்டர் எடுத்தார். அவ்வ்வ்வ்! ஆனா அங்கயும் ஒரு சிக்கல் இருக்கு. மத்திய அரசோ மாநில அரசோ அங்கீகரிச்ச குடியா இருந்தாத்தான் அந்தப் பேரைப் போட்டுக்க முடியும். அங்கீகாரம் இல்லாத ஜனம் அங்கயும் வாசல்ல நிக்க வேண்டியதுதான்.

ரங்கமணிக்கு வேற சந்தேகம். "அந்த மணியே சைனாவுலேர்ந்தும் உத்தரப்பிரதேசத்துலேர்ந்தும் வருது. இதுல என்ன பரம்பரைக் கலை?"

நல்ல கேள்விதான். மணி வெளியூர்தான். உ.பி.யில புர்தில்நகர்னு கண்ணாடி மணிக்குப் பேர் போன ஊரே இருக்கு. ஆனா அமெரிக்கப் பூர்வகுடிங்க கோர்க்கற கண்ணாடி மணி மட்டும் அங்க விளைஞ்சதா? வெனிஸ்லேர்ந்தும் பொஹீமியாவுலேர்ந்தும் கப்பல்ல வந்தது. தோல் குடுத்து மணி வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி முள்ளம்பன்றி முள்ளுக்குச் சாயம் போட்டு வேலை செஞ்ச கை, மணி வந்ததும் மணிக்கு மாறிச்சு. ஓஜிப்வே மக்கள் பூவும் கொடியுமாப் போடுவாங்க, லகோட்டா மக்கள் கோடும் முக்கோணமுமாப் போடுவாங்க. கப்பல்ல வந்தது ஒரே மணிதான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கு நூல் கர்நாடகாவுலேர்ந்து வருது, ஜரிகை சூரத்துலேர்ந்து வருது. புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. முகூர்த்தப் புடவையைக் காட்டி யாராவது "இது சூரத் புடவை"ன்னு சொல்லிடுவாங்களா? தறிக்காரர் கைக்கு ஒரு நியாயம், தரையில உக்காந்து கோர்க்கற கைக்கு ஒரு நியாயமா? இதைச் சொன்னதும் அவர் டீ குடிக்கப் போயிட்டார்.

(மணியே வெளியூர்ச் சரக்குன்னும் சொல்லிட முடியாது. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கண்ணாடியைக் குழலா இழுத்து, பொடிசு பொடிசா நறுக்கி மணி பண்ணியிருக்காங்க. இந்தோ-பசிபிக் மணின்னு பீட்டர் பிரான்சிஸ்ங்கற ஆய்வாளர் பேர் வெச்சார். தென்கிழக்கு ஆசியாவுல பல ஊர்ல தோண்டும்போது அந்த வகை மணி கிடைக்குது. அதே மாதிரி இழுக்கற வேலை திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில இருபதாம் நூற்றாண்டுக் கடைசியிலயும் நடந்ததை எழுதி வெச்சிருக்காங்க. அரிக்கமேட்டுக்கும் வாக்ரிகளுக்கும் முடிச்சுப் போட வரலை நான். மணி இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லைன்னு சொல்றேன், அவ்வளவுதான்.)

சரி, அந்த அம்மாவைப் போய்ப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடணும்னு நெனச்சேன். பொங்கல் போகட்டும்னு நெனச்சேன். அப்புறம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. 2020 மார்ச்சுல ஊரடங்கு வந்து பஸ் எல்லாம் நின்னு போச்சு. பஸ் இல்லேன்னா பஸ் ஸ்டாண்டு வியாபாரம் ஏது? மருந்து வாங்கப் போறப்பல்லாம் எட்டிப் பாப்பேன். கோயில் பக்கம் நாய் ஒண்ணு படுத்திருக்கும்.

மறுபடி அவங்களைப் பாத்தது 2021 ஐப்பசியில. அதே இடம், அதே தட்டு, இன்னும் கொஞ்சம் மெலிஞ்சிருந்தாங்க. நான் கட்டின மாலை ஒண்ணைக் கையில எடுத்துட்டுப் போயிருந்தேன். பக்கத்துல கீழயே உக்காந்து, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டிட்டேன். நாப்பது ரூபா, பிரிச்சது, பன்னெண்டு, 450, எல்லாம். திட்டுவாங்கன்னு நெனச்சேன். அழுவாங்களோன்னுகூட ஒரு நெனப்பு. சினிமா பாத்துக் கெட்டுப்போன மூளை.

அவங்க என் மாலையை வாங்கி ரெண்டு பக்கமும் இழுத்துப் பாத்தாங்க. முடிச்சை நகத்தால நெருடினாங்க.

"பசை வெச்சிருக்கியா?"

"ஆமாங்க்கா."

"வேர்வை பட்டா வுட்டுரும். வாலை வெட்டாதே. திருப்பி நாலு மணிக்குள்ள ஓட்டி அப்புறம் அறு. எண்ணி எண்ணிப் போட்டியா?"

"ஒரு கட்டுக்குப் பதினாலு..."

"நாங்க எண்றதில்ல. கைக்குத் தெரியும்."

காட்டினாங்க. காலை நீட்டி, நூலோட ஒரு முனையைக் கட்டைவிரல்ல சுத்தி, நீளமான மெல்லிசு ஊசியைத் தட்டுல மணிக்குள்ள சும்மா உழுத மாதிரி ஓட்டினாங்க. ஊசி வெளிய வரும்போது ஏழெட்டு மணி ஏறியிருக்கு. நான் இடுக்கியால ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கிக் கோர்க்கறவ! ஒரு கட்டு முடிக்க எனக்கு அஞ்சு நிமிஷம். அவங்க என்கூடப் பேசிக்கிட்டே, நடுவுல ஒரு ஹேர்பின் வியாபாரமும் முடிச்சு, அதுக்குள்ள ரெண்டு கட்டு போட்டுட்டாங்க. தடிச்ச மணி, மெலிஞ்ச மணி எல்லாம் கலந்துதான் ஏறுது. வளையற இடத்துக்கு மெலிசு, நேர் ஓட்டத்துக்குத் தடிசுன்னு விரலே தள்ளிவிடுது. நான் ஒழுங்கில்லைன்னு ஒதுக்கின மணியாலதான் அந்த மாலை கழுத்துல படிஞ்சு உக்காருது. சீரான மணி போட்ட என்னோடது விறைச்சுக்கிட்டு நிக்கும். ஏன்னு ரெண்டு வருஷமாப் புரியாம இருந்தேன்.

அப்புறம் நான் இருபது ரூபா எடுத்து நீட்டினேன். "அன்னிக்குக் குறைச்சது."

வாங்கி மடியில வெச்சாங்க. "இப்போ அந்த மாலை எம்பது சாமி. இன்னும் இருபது குடு."

குடுத்தேன். :-)

காசை வெச்சுட்டு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நானூத்தம்பதுக்கு யாரு வாங்குறாங்க? அந்த எடத்தைக் காட்டு."

அதுக்கு நான் தயாரா இல்லை. மன்னிப்பு கேக்கத் தயாராப் போனேன், இதுக்கு இல்லை. சரின்னு சொல்லிட்டு வந்து, விற்பனை நடத்தறவங்களைக் கேட்டேன். அவங்களே வந்து மேசை போட்டு உக்காரலாமான்னு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "வர்றவங்க எப்படி எடுத்துப்பாங்கன்னு தெரியலை மேடம், நீங்க வேணா வாங்கிட்டு வந்து வையுங்களேன்"னு பதில். அதை அக்காகிட்ட அப்படியே சொல்லக் கூச்சமா இருந்தது. "இப்ப இடம் இல்லையாம்"னு சொன்னேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு "தெரியும்"னாங்க. அதோட விட்டுட்டாங்க.

அதுக்கு மறு மாசம், 2021 தீபாவளியன்னிக்கு, முதலமைச்சர் ஸ்டாலின் மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் குடுத்தார். டிவியில பாத்தேன். அக்காகிட்ட சொன்னா, "எங்க ஆளுங்க அங்க கீறாங்க. நல்லது"ன்னு சொல்லிட்டு ஊசியை ஓட்டினாங்க. அவங்க கவலை வேற. பேத்தி பத்தாவது. அதுக்கப்புறம் என்ன படிக்கறதுன்னாலும் எந்தப் பட்டியல்னு கேப்பாங்க.

இதுக்கு நடுவுல எனக்கு ஒரு பாடம் நடந்தது. மணின்னா அழகுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவ நான். அவங்களுக்கு மணின்னா பஞ்சாங்கம். கார்த்திகை பொறந்தா துளசிமணி, ஐயப்பன் மாலைக்கு. மார்கழியிலேர்ந்து தைப்பூசம் வரைக்கும் மேல்மருவத்தூர் செவ்வாடைக் கூட்டம், அப்ப சிவப்பு. சிவராத்திரிக்கு ருத்திராட்சம். சித்திரா பௌர்ணமிக்கு அய்யங்கார்குளம் நடவாவித் திருவிழாவுக்குப் பிள்ளைங்க சாமான். இப்ப ரெண்டு மூணு வருஷமாக் கருங்காலி மாலைக்கு ஊரே அலையுது, அதுல எது கட்டை எது சாயம்னு பாத்த உடனே சொல்லிடறாங்க. "நீ வெச்சிருக்கற அஞ்சு சரம் எப்போ ஓடும்?"னு கேட்டேன்... பாருங்க, இத்தனைக்கு அப்புறமும் நாக்குல "நீ" வந்துடுச்சு. அவங்க கண்டுக்கலை. "அது ஓடாது சாமி. அது எங்க ஊட்டுப் பொண்ணுங்களுக்குப் போடறது. நூலு மிச்சம் இருந்துச்சு, தட்டுல வெச்சேன். நீ வாங்குனே"ன்னாங்க.

2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல மசோதா நிறைவேறி, 2023 ஜனவரியில சட்டமாச்சு. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியல்ல சேத்தாச்சு. லோகூர் கமிட்டி சொல்லி அம்பத்தெட்டு வருஷம். சட்டத்துல இருக்கற பேரு நரிக்கொறவன், குருவிக்காரன். வாக்ரின்னு அங்கயும் இல்லை.

அந்த ஜனவரியிலயே மறுபடி சென்னை விற்பனை. இந்தத் தடவை மாலை அவங்களோடது. இருபது மாலை, ஒண்ணுக்கு 200 அவங்களுக்கு. விலை அவங்க சொன்னது, நான் பேசலை. வண்டிச்செலவு, மேசைக்காசு சேத்து 300ன்னு வெச்சேன். அட்டை நானே எழுதினேன். முதல்ல "நரிக்குறவர் கைவேலை, உத்திரமேரூர்"னு எழுதிக் காட்டினப்போ பேத்தி படிச்சுட்டு, "ஆன்ட்டி, நரி எதுக்கு? வாக்ரின்னு போடுங்க"ன்னா. போட்டேன்.

பன்னெண்டு மாலை 450க்கு ஒரே நாள்ல போன அதே இடம். இந்தத் தடவை 300க்கு, இன்னும் நல்ல வேலைக்கு, இருபதுல பதினொண்ணுதான் போச்சு. "வாக்ரின்னா என்ன?"ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னேன். சில பேர் உக்காந்து கேட்டாங்க, ஒரு அம்மா ரெண்டு வாங்கினாங்க. ஒருத்தங்க கழுத்துல போட்டு, போன்ல பாத்து, "சூப்பரா இருக்கு"ன்னு சொல்லிட்டு, அப்புறம் அட்டையைப் படிச்சாங்க. "யாரு, அந்த பஸ் ஸ்டாண்டுல... அவங்க செஞ்சதா?" கழட்டி வெச்சாங்க. கைப்பையிலேர்ந்து சானிடைசர் எடுத்துத் தேச்சுக்கிட்டே அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க.

எனக்குக் கோவம்தான். ஆனா என்னன்னு கோவப்படறது? முதல் தடவை அட்டையில யாரோட பேரும் இல்லாததாலதான் பன்னெண்டும் போச்சு. அதைச் செஞ்சதும் நான்தான்.

ஊருக்கு வந்து ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். இருபதும் வித்துடுச்சுன்னு சொல்லி 4000 ரூபாயைக் குடுத்துட்டேன். சானிடைசர் கதையைச் சொல்ல மனசு வரலை. விளைவு? அடுத்த வாரமே அக்கா முப்பது மாலை கட்டிக் கொண்டுவந்து நீட்டறாங்க! பழைய ஒம்பது, புதுசு முப்பது. ரங்கமணி பீரோவைத் திறந்து பாத்துட்டு, "கடை வெச்சிருக்கியா?"ங்கறார்.

ரெண்டு நாள் தூக்கம் இல்லை. மூணாம் நாள் போய் உண்மையைச் சொன்னேன். பதினொண்ணுதான் போச்சு, மிச்சம் என் பீரோவுல இருக்குன்னு. ஏன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன், சானிடைசர் உட்பட.

ஊசி நிக்கலை. "பஸ்ஸுல எங்க பக்கத்துல யாரு உக்கார்றா? இன்னிக்கா பாக்குறேன்"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "பொய்யி சொன்னா எனக்கு எத்தினி கட்டறதுன்னு எப்படித் தெரியும்? வித்தது எத்தினின்னு சொல்லு, அது போதும்."

முப்பதுல பத்தை மட்டும் என்கிட்ட விட்டுட்டு, இருபதைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. அதைப் பிரிச்சு, சிவப்பைத் தனியா எடுத்து, அந்த வருஷ மேல்மருவத்தூர் மாலைக்குப் போட்டுட்டாங்க. அவ்வளவு வேலை! எனக்கு வயிறு எரிஞ்சது. அவங்களுக்கு மணி திரும்பக் கிடைச்ச கணக்கு.

இப்ப நடக்கறது இதுதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை அவங்க சொல்ற எண்ணிக்கையில எடுத்துட்டுப் போறேன். திரும்பி வந்ததும் வித்தது, வராதது ரெண்டையும் பேத்திகிட்ட சொல்லணும். அவ ஒரு நோட்டு வெச்சிருக்கா. பழங்குடிச் சான்றிதழும் வாங்கியாச்சு, பல தடவை நடந்து. அட்டையும் இப்ப அவதான் எழுதறா. போன தடவை எழுதினதுல வாக்ரிக்குக் கீழ என் பேரை "உதவி"ன்னு சின்னதாப் போட்டிருந்தா.

நான் கட்டறது தனி. அஞ்சு சரத்தை நான் விக்கறதில்லை. என் அஞ்சறைப்பெட்டி மணியெல்லாம் நாத்தனார் பொண்ணு வளைகாப்புக்குக் கழுத்து மாலையாப் போய்க்கிட்டு இருக்கு. பசை இல்லை, வாலை நாலு மணிக்குள்ள திருப்பி ஓட்டறேன். நாலாவது மணியில ஊசி இன்னும் சிக்குது. அக்காகிட்ட காட்டினா, "கறுப்புல எண்ணெய் வாசனை அடிக்குதே, ஏன்?"னு கேக்கறாங்க. மாமியார்கிட்டதான் கேக்கணும்.